தேர்மேல் வைத்த அளவுகோல்

செம்புலநல்லூரில் ஒவ்வொரு மனிதனும் நிற்கும் இடம் இரண்டு சென்டிமீட்டர் பிழைக்குள் தெரியவந்தபோது, ஊராட்சி மன்றம் எழுப்பிய முதல் கேள்வி, யார் எங்கே நிற்கக் கூடாது என்பதுதான்.

கருவி நல்ல கருவி. அதன்மீது குற்றமில்லை. கட்டைவிரல் நகமளவு இருந்த அந்த அலைவாங்கி ஒரு சோடிச் செருப்பின் விலைக்குள் அடங்கியது. கண்பார்வையற்றவர் சாக்கடையில் விழாமல் நடக்கவும், உழவன் வரப்புத் தகராறின்றி உழவும், கடலோடி பாறையில் மோதாமல் கரைசேரவும் உருவாக்கப்பட்டது. பணக்கார நாடுகளின் ஆய்வுக்கூடங்களில் பெட்டியளவு கிடந்த துல்லியம் ஏழையின் மணிக்கட்டில் பட்டையாக ஏறியது. அறிவு கோட்டையை விட்டுக் குடிசைக்கு வந்த நாள் என்று அந்நாளைப் பாராட்டாதவர் இல்லை. குடிசைக்கு வந்த அறிவைக் குடிசைக்குக் காவல் போடப் பயன்படுத்தலாம் என்று முதலில் கண்டுபிடித்த ஊர் செம்புலநல்லூர். அந்தப் பெருமையை அவ்வூரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

கருவியைப் பொருத்த வந்தவர் பூவிழி என்னும் பொறியாளர். ஊராட்சி மன்றத் தலைவர் சபாநாதன் அவருக்கு இளநீர் கொடுத்து உட்காரவைத்து விளக்கம் கேட்டார்.

"சொல்லுங்க இன்ஜினியரம்மா. இந்தச் சின்னப் பட்டைக்கு எப்படி அவ்வளவு துல்லியம்?"

"பட்டைக்குத் தனியா துல்லியம் கிடையாதுங்க ஐயா. மேலேர்ந்து வர்ற செயற்கைக்கோள் சிக்னல் காத்து மண்டலத்துல வளைஞ்சு வருது. பட்டையை மட்டும் நம்பினா நாலு மீட்டர் அங்க இங்க காட்டும். அதனால ஊருக்குள்ள ஒரே ஒரு கருவியை அசையாத இடத்துல வச்சு, 'நீ இருக்கற இடம் இதுதான்'னு அதுக்குச் சொல்லிடுவோம். அது பேரு அடிநிலையம். வானம் சொல்றதுல எவ்வளவு தப்புன்னு அது கண்டுபிடிச்சு எல்லாப் பட்டைக்கும் சொல்லும். பட்டைங்க அந்தத் தப்பைக் கழிச்சுக்கும்."

"அது சொல்றதை எல்லாம் அப்படியே நம்பிடுமா?"

"நம்பிடும். விலை ஒசந்த கருவின்னா சந்தேகப்படும். இது மலிவுங்க. இதுக்குச் சந்தேகப்படத் தெரியாது."

தலைவர் மகிழ்ந்தார். "நல்ல ஏற்பாடும்மா. ஒருத்தர் சொல்லணும், மத்தவங்க கேக்கணும். ஊருன்னா அப்படித்தான் இருக்கணும்."

அடிநிலையத்துக்கு மரநிழல் விழாத, திறந்த வானமுள்ள, உறுதியான இடம் வேண்டும். பூவிழி இரண்டு நாள் சுற்றி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். ஊருக்குக் கிழக்கே காலனியில் அரசு கட்டிய புதிய பள்ளியின் மொட்டைமாடி. கான்கிரீட் கட்டடம், சுற்றிலும் வயல், புயலுக்கும் அசையாது.

தலைவரின் முகம் சிறுத்தது.

"காலனியிலயா? ஏம்மா, எங்க காலு எங்க இருக்குன்னு காலனி சொல்லணுமா?"

"ஐயா, அது வெறும் ஆன்டெனா."

"ஆன்டெனாவோ அரசமரமோ. ஊரோட அளவு அங்கேர்ந்து தொடங்கக் கூடாது. ஊருக்கு முதல் இடம் எதுவோ அங்கேர்ந்து தொடங்கட்டும். தேர் மேல வைங்க."

"தேர் நகருமே!"

"வருசத்துல ஒரு நாள் நகரும். மிச்ச நாளெல்லாம் நிலையில நிக்குது. நூத்தியம்பது வருசமா அதே இடம். உங்க பள்ளிக்கூடம் கட்டி மூணு வருசம் ஆவல."

"அப்ப அந்த ஒரு நாள் மட்டும் அணைச்சு வச்சிடலாமா?"

"அதை அப்புறம் பேசிக்கலாம்."

ஆகவே தேரின் உச்சியில் அடிநிலையம் ஏறியது. வானம் தெரியவேண்டும் என்பதற்காகத் தேர்க் கொட்டகையின் தகரக் கூரையைப் பிரித்தார்கள். துல்லியத்தின் பொருட்டு அவ்வாண்டு முழுவதும் தேர் மழையில் நனைந்தது. பக்தர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் 'இட ஒழுங்குத் தீர்மானம்' நிறைவேறியது. சாதி என்ற சொல் அதில் எந்த இடத்திலும் இல்லை. அச்சொல்லை எழுதினால் சட்டம் கேட்கும். எண்ணை எழுதினால் சட்டம் கேட்காது. நான்கு தேர்த்தெருக்களும் முதல் வட்டம். காலனி இரண்டாம் வட்டம். அவரவர் அவரவர் வட்டத்தில் இருக்கவேண்டும். மற்ற வட்டத்தில் நடந்து நுழைந்தால் பட்டை கத்தும். நுழைந்தவரின் தெருவுக்கு மூன்று நாள் குடிநீர்க் குழாய் தானாக மூடிக்கொள்ளும். விதி இரு சாராருக்கும் பொது. ஊரார் காலனிக்குள் நுழைந்தாலும் அதே தண்டனைதான். காலனிக்குள் நுழையும் எண்ணம் ஊரார் எவருக்கும் ஒருநாளும் இருந்ததில்லை என்பதால், இதைவிடச் செலவில்லாத சமத்துவம் வேறு கிடைத்திருக்காது. வயலுக்கு மட்டும் வட்டம் வகுக்கவில்லை. வயலில் காலனியின் கைகள் தேவைப்பட்டன.

பட்டை இல்லாமல் உணவுப் பங்கீடு இல்லை, மருத்துவச் சீட்டு இல்லை. எனவே எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். தான் பொருத்திய கருவிக்கு இப்படி ஒரு வேலை கிடைத்ததைப் பூவிழி நாளிதழில் படித்தார். நிறுவனத்திடம் கேட்டார். வாங்கியவர் எதற்குப் பயன்படுத்துகிறார் என்பது நமது துறை அன்று என்று நிறுவனம் பதில் சொன்னது.

காலனியில் ஞானசேகர் என்றொரு பேருந்து ஓட்டுநர் இருந்தார். நகரப் பேருந்தை நாள்தோறும் தெற்குத் தேர்த்தெரு வழியாகவே ஓட்டினார். வாகனத்துக்குள் இருப்பவருக்கு விதி பொருந்தாது. அத்தெருவின் ஒவ்வொரு பள்ளமும் அவருடைய சக்கரத்துக்குத் தெரியும். அவருடைய காலுக்குத் தெரியாது. ஒருமுறை அத்தெருவில் சக்கரம் பழுதானபோது, இறங்கிப் பார்க்க முடியாமல் இருக்கையிலேயே அமர்ந்து, பயணிகளைப் பார்த்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அன்றிரவு மனைவி தவமணியிடம் அதைச் சொல்லிச் சிரித்தார்.

"பஸ்ஸுக்கு இருக்கற மரியாதை டிரைவருக்கு இல்ல தவமணி. அடுத்த பொறப்புல டயராப் பொறக்கணும்."

"ஏன், இந்தப் பொறப்புலயே ஒரு நாள் எறங்கி நடந்துடறது."

"நடந்தா உங்களுக்கெல்லாம் தண்ணி?"

"அதான்" என்றார் தவமணி. 

தேர்த்திருவிழாவன்று விடியற்காலையில் ஞானசேகர் இறந்துபோனார். மாரடைப்பு. சுடுகாடு ஊருக்கு மேற்கே இருந்தது. தெற்குத் தேர்த்தெரு வழியே போனால் கூப்பிடு தூரம். விதி அனுமதித்த வழியோ ஏரிக்குள் இறங்கிச் சுற்றியது. ஏரியில் இடுப்பளவு தண்ணீர். திருவிழா நாளில் தேர்த்தெருக்களில் வாகனம் ஓடாது. எனவே வண்டியில் வைத்துக் கொண்டுபோகும் வழியும் அடைபட்டிருந்தது. ஒரு தண்டவாளத்தைப்போல நேராகக் கிடந்த தெருவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிணத்தைத் தலைக்குமேல் தூக்கித் தண்ணீரில் இறங்கி நடக்கவேண்டும்.

திருவிழாவுக்காகப் பூவிழியைப் பணிக்கு அனுப்பியிருந்தது நிறுவனம். தவமணி அவரைத் தேடிப்பிடித்தார். அழுதுமுடித்த முகம், குரலில் நடுக்கம் இல்லை.

"ஏம்மா, நீங்கதான் மிசின் போட்டவங்களா?"

"ஆமாக்கா."

"எங்க வீட்டுக்காரரு போயிட்டாரு. பத்து நிமிசம் அதை நிறுத்தி வைங்க. அவரைத் தெரு வழியாக் கொண்டுபோயிடறோம். உசுரோட இருக்கறவரைக்கும் அந்தத் தெருவுல கால் வைக்கல மனுசன். இப்பவும் காலை வைக்கச் சொல்லல, நாங்கதான் தூக்கிட்டுப் போறோம்."

பூவிழி தலைவரிடம் போய் நின்றார். பட்டுவேட்டியும் பரிவட்டமுமாகத் தலைவர் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, இன்னைக்குத் தேர் நகரப்போகுது. அடிநிலையத்தை அணைக்கணும். இல்லன்னா அளவெல்லாம் தப்பாயிடும்."

"இன்னைக்கா? வருசம் பூரா அணைச்சு வச்சாலும் வைப்பேன், இன்னைக்கு அணைக்கமாட்டேன். இன்னைக்குத்தான் எல்லா சனமும் தெருவுல கலக்கும். இன்னைக்குக் காவல் இல்லாம அப்புறம் காவல் எதுக்கு?"

"காலனியில ஒரு சாவு..."

"தெரியும். சாமி வர்ற தெருவுல சாவு வரக் கூடாது. ஏரி வழி இருக்கு."

தேர் புறப்பட்டது. கீழத்தெருவில் தெற்கு நோக்கி உருண்டவரை ஒன்றும் நடக்கவில்லை. தெற்குத் தெருவில் திரும்பி மேற்கு நோக்கி நடக்கத் தொடங்கியதும், தேருக்குப் பின்னால் வந்தவர்களிடையே ஒரு பட்டை கத்தியது. பிறகு ஐந்து. பிறகு ஐந்நூறு. தென்மேற்கு மூலையில் திரும்பமுடியாமல் தேர் வழக்கம்போல் நின்றபோது, தெருவே ஒற்றைக் குரலாக அலறியது. மாடியில் நின்று பூத்தூவிய பெண்களின் பட்டைகளும் அலறின. 

தலைவர் தம் மணிக்கட்டைப் பார்த்தார். சின்னத் திரையில் எழுத்து ஓடியது: இரண்டாம் வட்டத்தில் அத்துமீறல்.

"என்னம்மா இது? நான் தேர்த்தெருவுல நிக்கிறேன். இது காலனிங்குது!"

பூவிழி எவ்வித உணர்ச்சியும் காட்டாமல் விளக்கினார். "அடிநிலையம் தேர்மேல இருக்கு. அதுக்கு, தான் நகர்ற சங்கதி தெரியாது. அது அசையாதுன்னு நாமதான் சொல்லி வச்சிருக்கோம். தேர் மேற்க நானூறு மீட்டர் போச்சுன்னா, அதோட கணக்குல தேர் அங்கேயேதான் இருக்கு, உலகம்தான் கிழக்க நானூறு மீட்டர் நகர்ந்துடுச்சு. நீங்க நிக்கிற இடத்துலேர்ந்து கிழக்க நானூறு மீட்டர் எதுன்னு பாருங்க ஐயா."

தலைவர் பார்க்கத் தேவையில்லை. அது காலனி.

"அணைச்சுடு!"

"அணைச்சா காவலே இல்ல. யாரும் எங்கயும் போகலாம்."

"அப்ப தேரைப் பின்னாடி தள்ளுங்கடா!"

கோயில் அறங்காவலர் பதறினார். "என்ன பேச்சு பேசறீங்க? தேர் பின்னால போனதா சரித்திரமே கிடையாது. ஊருக்கு ஆகாது."

ஒரு பக்கம் முன்னோக்கி மட்டுமே போகும் தேர். மறுபக்கம் பின்னோக்கி மட்டுமே போக விரும்பிய ஊர். இரண்டுக்கும் இடையே தலைவர் வியர்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் பூவிழியை யாரும் கவனிக்கவில்லை. அவர் காலனியை நோக்கி விரைந்தார்.

பாடை கட்டி முடிந்து, ஏரிப்பக்கம் திரும்பி நின்றிருந்தார்கள்.

"அக்கா, இப்பப் போங்க. தெரு வழியாவே போங்க. தேர் அந்த மூலையில நிக்கிறவரைக்கும் உங்க பட்டை கத்தாது. அதோட கணக்குல தேர்த்தெருதான் இப்பக் காலனி."

பக்கத்து வீட்டு ரோசலின் நம்பவில்லை. "ஏன்டி தவமணி, கத்திடுச்சின்னா? கொழாயை மூடிடுவான்."

தவமணி பாடையின் முன்கொம்பைத் தொட்டார். "தூக்குங்கய்யா" என்றார்.

தெற்குத் தேர்த்தெருவுக்குள் பாடை நுழைந்தது. இருபுறமும் பட்டைகள் கத்திக்கொண்டிருக்க, நடுவே அமைதியாக ஒரு கூட்டம் நடந்தது. தூக்கியவர் பட்டை கத்தவில்லை. தவமணியின் பட்டை கத்தவில்லை. ஞானசேகரின் மணிக்கட்டில் இன்னும் கட்டியிருந்த பட்டையும் கத்தவில்லை. மூலையில் தேரும் பாடையும் எதிரெதிரே நின்றன. தலைவர் பந்தோபஸ்துக்கு வந்திருந்த காவல் ஆய்வாளரைப் பார்த்து இரைந்தார்.

"தடுங்க சார்! வேடிக்கை பாக்கறீங்க?"

ஆய்வாளர் நிதானமானவர். "ஐயா, உங்க தீர்மானத்துல பட்டை கத்துனாத்தான் அத்துமீறல்னு இருக்கு. அவங்க பட்டை கத்தல. உங்க பட்டைதான் கத்துது. விதிப்படி பாத்தா நான் உங்களைத்தான் வெளியேத்தணும்."

பாடை தேரைச் சுற்றிக்கொண்டு போனது. வாழ்நாளெல்லாம் ஓட்டிய தெருவை ஞானசேகர் முதன்முறையாகக் கூரையில்லாமல் கடந்தார்.

அன்று மாலை தேர் நிலைக்குத் திரும்பியது, அளவுகளும் திரும்பின. ஆனால் இயந்திரம் மறப்பதில்லை. தேர்த்தெருக்களின் குழாய்கள் மூடிக்கொண்டன. மூன்று நாள் தண்ணீர் லாரி வந்து நின்றது. குடம் பிடிக்கும் பழக்கமற்ற கைகள் குடம் பிடித்தன.

அடுத்த வாரம் உதவி ஆட்சியர் விசாரணைக்கு வந்தார். ஒரு பக்கம் தலைவரும் அறங்காவலரும், மறுபக்கம் தவமணி, நடுவில் பூவிழி. உதவி ஆட்சியர் இளைஞர். விரைவாக முடிக்க விரும்பினார்.

"பதிவுப்படி திருவிழாவன்னிக்குக் காலனியைச் சேர்ந்த யாரும் தேர்த்தெருவுக்குள்ள நுழையல. பாடை உட்பட. அப்ப புகார் எதுக்கு?"

தலைவர் யோசித்தார். புகார் கொடுத்தவர் அவர்தாம். ஆனால் நுழையவில்லை என்று அரசே சொன்னால் தீட்டுமில்லை, பரிகாரமுமில்லை. "பதிவு சொல்றது சரிதாங்க. புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். எங்க ஆளுங்க காலனிக்குள்ள போனதா இருக்கற பதிவை மட்டும் இயந்திரக் கோளாறுன்னு அடிச்சுடுங்க."

"முடியாதுங்க" என்றார் பூவிழி. "ரெண்டும் ஒரே தப்பு. தேர் நகர்ந்ததைக் கழிச்சா, நீங்க தேர்த்தெருவுல இருந்தீங்கன்னு வரும். பாடையும் தேர்த்தெருவுல போச்சுன்னு வரும். கழிக்கலன்னா, பாடை போகல, நீங்க சாமியோட வடத்தைப் பிடிச்சிக்கிட்டுக் காலனிக்குள்ள போனீங்க. ஒண்ணை வச்சுக்கிட்டு ஒண்ணை விட முடியாது."

 சமயம், சாதி, சட்டம் மூன்றும் சேர்ந்து விடை தேடின.

உதவி ஆட்சியர்தாம் வழி கண்டார். "அன்னைக்கு ஒரு நாள் பதிவையே நீக்கிடலாம். யாரும் எங்கயும் போகல. தேரும் நகரல. எல்லாருக்கும் சம்மதமா?"

தலைவர் தலையசைத்தார். அறங்காவலர் சற்றே தயங்கி, தேர் நகர்ந்தது சாமிக்குத் தெரியும் என்று தம்மைத் தேற்றிக்கொண்டு தலையசைத்தார்.

"எனக்குச் சம்மதமில்ல" என்றார் தவமணி.

"ஏம்மா? உங்களுக்குத்தானே நல்லது? பதிவு இல்லன்னா தண்டனையும் இல்ல."

"நாங்க அந்தத் தெருவுலதான் சார் போனோம்."

"தெரியும்மா. ஆனா சொல்லாதீங்க."

"ஏன் சொல்லக் கூடாது? எங்க வீட்டுக்காரரைத் தூக்கிட்டுப் போனேன். அந்த ஒரு தடவைதான் அவரு பஸ்ஸு இல்லாம அந்தத் தெருவுல போனாரு. மிசின் அவரு போகலைங்குது. இவங்க அவரு போகலைங்கறாங்க. நீங்க அவரு சாகவே இல்லைன்னு எழுதிடுவீங்க போல. தீர்மானத்துல, பட்டை கட்டினவங்க தன் தடத்தைச் சரியாக் கணக்குப் போடச் சொல்லிக் கேக்கலாம்னு ஒரு வரி இருக்காமே. நான் கேக்கறேன். சரியாக் கணக்குப் போடுங்க."

அந்த வரி இருந்தது. படித்தால் நீதியாகத் தெரியட்டும் என்பதற்காக வைத்த வரி. ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் வைத்த வரி.

"கேட்டா அத்துமீறல்னு ஆயிடும்மா" என்றார் உதவி ஆட்சியர். "உங்க காலனிக்கே தண்ணி போயிடும்."

"அது எங்க பாடு. ஆனா கேக்கறதுக்கு முன்ன எங்க சனத்தை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

காலனியில் அன்று மாலை கூடிப் பேசினார்கள். முதலில் பாய்ந்தவர் ரோசலின்தான்.

"உனக்கென்னடி பைத்தியமா? செத்தவருக்கு ரூட்டு முக்கியமா, இருக்கறவளுக்குத் தண்ணி முக்கியமா?"

"தண்ணிதான் முக்கியம்" என்றார் தவமணி. "வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. நான் வாயை மூடிக்கிறேன். ஆனா ஒண்ணு. நாளைக்கு உன் புருசனைத் தூக்கும்போது தேர் அந்த மூலையில நிக்காது. இப்ப நாம போகவே இல்லன்னு ஒத்துக்கிட்டா, அப்புறம் எப்பவுமே போகல."

"என் புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கான். அவனை ஏன் இழுக்கற?" என்றார் ரோசலின். கூட்டம் சிரித்தது. அவருடைய கணவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியபின் ரோசலின் தாழ்ந்த குரலில் சொன்னார்: "கேளு போ. மூணு நாளுதானே."

மறுநாள் பூவிழி கணக்கிட்டார். தேர் சென்ற பாதையை ஒவ்வொரு தடத்திலிருந்தும் கழித்தார். ஐந்நூறு ஊரார் காலனியை விட்டுக் கிளம்பித் தம் தெருக்களில் போய் நின்றார்கள். காலனியிலிருந்து புறப்பட்ட ஒரு கோடு மட்டும் தெற்குத் தேர்த்தெருவின் நடுவே நேராக நடந்து, தேரைச் சுற்றி, சுடுகாட்டில் போய் நின்றது. ஞானசேகரின் பெயரில் பதிவான தடங்களில் வண்டிக்கு வெளியே அத்தெருவில் இருந்தது அது ஒன்றே. தவமணி திரையை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "நேராத்தான் போயிருக்காரு" என்றார்.

விதி தன் கடமையைச் செய்தது. காலனியின் குழாய்கள் மூடிக்கொண்டன. அன்று தண்ணீர் லாரி வரவில்லை. அது ஊராருக்கு மட்டும் வரும் லாரி.

பகல் ஏறியது. வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோசலின் வாசலில் நின்று யோசித்தார். பிறகு தவமணியைக் கூப்பிட்டார்.

"ஏன்டி, நாம அந்தத் தெருவுக்குள்ள போனா மிசின் என்ன செய்யும்?"

"கத்தும். நம்ம கொழாயை மூடும்."

"மூடித்தானே கெடக்கு?"

தவமணி அவரைப் பார்த்தார்.

"மூடின கொழாயை இன்னொரு தடவை எப்படி மூடுவான்? அந்தத் தெருக்கோடியில ஒரு கொழாய் நாள் பூரா ஒழுகிட்டுக் கெடக்குதாம். உன் புருசன்தான் சொல்வாரு."

காலனியின் பெண்கள் குடங்களோடு தெற்குத் தேர்த்தெருவுக்குள் நடந்தார்கள். ஒவ்வொரு பட்டையும் கத்தியது. சன்னல்கள் திறந்தன. தலைவர் ஓடிவந்தார், திரையைப் பார்த்தார், தண்டனையைத் தேடினார். ஏற்கெனவே நிறைவேறிவிட்டது என்று திரை காட்டியது. அதற்கடுத்த தண்டனை எதுவும் தீர்மானத்தில் எழுதப்படவில்லை. தவமணி குழாயடியில் முதல் குடத்தை வைத்தார். பட்டைகள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. அவை சொன்ன ஒவ்வோர் இடமும் இரண்டு சென்டிமீட்டருக்குள் உண்மையாக இருந்தது.